பின் சீட்டு ஹெல்மெட்

ஜூன் 4

டேப் பிடிக்கும் அம்மணிக்கு,

நலம்தானே? விபத்து ஆய்வு வேலை என்று என் வீட்டுக்காரர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து நகரத்தைச் சுற்றுகிறவருக்கு என்ன குறை.

சனிக்கிழமை அவர் நகரத்திலிருந்து ஊருக்கு வந்தபோது, வண்டியில் தொங்கிய நீல ஹெல்மெட்டை எடுத்து மாட்டினேன். உள்ளே வேறு யாருடையதோ எண்ணெய் வாசனை. ஒரு ஹேர்பின் வேறு. கல்யாணமான புதிதில் எனக்கென்று வாங்கியது அது. தையற்கடைக்காரி ஆயிற்றே, உள்துணியை நானே தைத்துப் போட்டேன்.

கேட்டால் சிரிக்கிறார். "ஆள் செத்த விபத்துன்னா நாங்க ரெண்டு பேரும் போய் ரோட்டை அளக்கணும். பின்னாடி உக்காந்து வர்றவங்கதான் ஹெல்மெட் இல்லாம நிறைய சாகுறாங்க. அவங்கள வெறுந்தலையோட கூட்டிட்டுப் போகச் சொல்றியா?" என்கிறார். திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டும் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தால் எந்நேரமும் உங்கள் புராணம்தான். டயர் தடத்தைப் பார்த்தே வேகத்தைச் சொல்லிவிடுவீர்களாம். விபத்துக்குக் காரணம் விளக்கில்லாத வளைவு என்று நீங்கள்தான் கண்டுபிடித்தீர்களாம். நானும் நாள் முழுக்க டேப்பும் கையுமாகத்தான் இருக்கிறேன். என்னை ஒரு வார்த்தை மெச்சியதில்லை.

வயிறு எரிகிறது, மறைப்பானேன். என் ஹெல்மெட்டை எனக்கு அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
அவர் மனைவி

ஜூன் 9

அக்காவுக்கு வணக்கம்.

படித்துக் கூசிப் போனேன். ஹெல்மெட்டைப் பார்சலில் அனுப்பிவிட்டேன், உள்துணியைத் துவைத்துக் காயவைத்துத்தான். சம்பளம் வந்ததும் எனக்கென்று ஒன்று வாங்கிக்கொள்வேன். அதுவரை பஸ்ஸில் போகிறேன்.

செத்தவர்கள் வீட்டில் விசாரித்தால் வேகம், குடி, தூக்கக் கலக்கம் என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். ஆனால் பாதி வீடுகளில் "பக்கத்துலதானேன்னு ஹெல்மெட்டை வச்சுட்டுப் போனார்" என்பார்கள். அதைக் கேட்டால் உங்கள் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிடும்.

வழியெல்லாம் அவர் பேசுவது உங்களைப் பற்றித்தான் அக்கா. எனக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. பொறாமை எனக்குத்தான் வர வேண்டும், வந்தும் இருக்கிறது.

அன்புடன்,
டேப் பிடிப்பவள்

ஜூன் 21

அக்கா,

வலது கையில் கட்டு. இடது கையால் எழுதுகிறேன். கடைசியாக அவர் முகத்தைப் பார்க்கவும் என்னை ஆஸ்பத்திரியிலிருந்து விடவில்லை.

என்ன நடந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று பஸ் வரவில்லை. மேம்பாலத்துக்கு அடியில் ஒரு விபத்து, உடனே வரச் சொன்னார்கள். வண்டியில் ஏற மாட்டேன் என்றேன். அவர் தன் ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் மாட்டி, வாரை இறுக்கினார். "பக்கத்துலதானே, ஏறுங்க" என்றார். அவரே சொன்னார் அக்கா. திருப்பத்தில் ஒரு வேன் தவறான பக்கம் வந்தது.

அந்த ஹெல்மெட் என்னிடம் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

ஜூலை 2

தங்கைக்கு,

உன்மேல் கோபமில்லை என்று எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை. ஹெல்மெட்டைக் கேட்டு வாங்கியவள் நான், அது தெரியாமல் இல்லை. ஆனாலும் அவர் கை கடைசியாக வார் இறுக்கியது உன் தாடைக்குக் கீழே. அதைத்தான் தாங்க முடியவில்லை. அவரே போய்விட்டார், இந்தப் பொறாமை போக மாட்டேன் என்கிறது.

நீல ஹெல்மெட்டை அனுப்பியிருக்கிறேன். உள்துணியைப் பிரித்துப் புதிதாகத் தைத்தேன். உன் தலை அளவு தெரியாது. சரியில்லை என்றால் சொல். தெருமுனைக் கடைக்கு வண்டியில் போனாலும் போட்டுக்கொள்.

அவருடையதை எனக்கு அனுப்பு. உள்ளே உன் எண்ணெய் வாசனையும் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். துவைக்காமல் அனுப்பு.

அக்கா