அம்மா ஒளித்து வைத்த டப்பா

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நம்புகிறேன் என்று எழுதியதைப் பார்த்துச் சிரிக்காதே, முப்பத்தொரு வருஷம் ஆலை வாசலில் நின்று போகிறவர் வருகிறவர் பையையெல்லாம் சோதித்தவனுக்கு அந்த வார்த்தை அவ்வளவு சுலபத்தில் வராது. குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, குழாய்க்காரன் எதையோ சொருகிவிட்டு இனிமே கவலையில்ல என்றான், எனக்கென்னவோ மறுபடி ஒழுகும் என்றுதான் படுகிறது. மாடி வீட்டுக்காரர் திடீரென்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், என்ன காரியம் ஆக வேண்டுமோ தெரியவில்லை. அதெல்லாம் கிடக்கட்டும், விஷயம் உன் அம்மாவைப் பற்றியது.

மூட்டுவலிக்கு நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து தினமும் சாயங்காலம் போகிறாள், அது சரி. ஆனால் அரை மணி நேரம் ரெண்டு மணி நேரமானது, முழங்கையில் ஒட்டடையோடு வந்தாள், கேட்டால் சும்மா நடந்தேன் என்றாள். சும்மா நடக்கிறவளுக்கு ஒட்டடை ஏது? பழக்க தோஷம், அவள் குளிக்கப் போன நேரத்தில் கைப்பையைத் திறந்து பார்த்தேன். ஒரு துண்டுப் பென்சில், சின்ன டார்ச், புருவம் திருத்துகிற இடுக்கி, ரப்பர் கையுறை. அறுபது வயதில் ஒருத்திக்கு இதெல்லாம் எதற்கு, நீயே சொல். நீ போனதிலிருந்து நாங்கள் பேசிக்கொள்வதே குறைவு, சாப்பிட வாங்க, கதவைச் சாத்துங்க, அவ்வளவுதான். இவளும் என்னை விட்டு எங்கோ போய்க்கொண்டிருக்கிறாள் என்று பயந்துவிட்டேன், உன்னிடம் மறைப்பானேன்.

மறுநாள் பின்னாலேயே போனேன். நடைமேம்பாலத்தில் ஏறினாள், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தாள், ஆள் குறைந்ததும் கைப்பிடிக் கம்பிக்கு அடியில் தடவினாள். ஆலையில் எத்தனை திருட்டு முழி பார்த்திருப்பேன், அச்சு அசல் அதே முழி. தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா, காந்தத்தால் ஒட்டியிருந்தது, அதிலிருந்து இடுக்கியால் ஒரு தாள் சுருளை உருவி என்னவோ எழுதினாள், முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பொறுக்க முடியாமல் கையும் களவுமாகப் பிடித்தேன். அவள் அசரவே இல்லை, விளையாட்டு என்றாள். யாரோ ஒளித்து வைப்பாராம், இடத்தைச் செல்போனில் போடுவாராம், தேடிக் கண்டுபிடித்தவர் பெயரும் தேதியும் எழுதிவிட்டு யார் கண்ணிலும் படாமல் அங்கேயே வைத்துவிட வேண்டுமாம், பெயர் ஜியோகேச்சிங்காம், சொல்லிக்கொடுத்தது நீயாம். நல்ல மகள் நீ, என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா?

தாளை வாங்கிப் படித்தேன், ஒருத்தர்கூட நிஜப் பெயர் எழுதவில்லை, ஒற்றைச் செருப்பு, தூங்குமூஞ்சி என்று இருக்கிறது, உன் அம்மா மோப்பக்காரியாம். இதில் என்னதான் இருக்கு, தங்கமா வைரமா என்று கேட்டேன். தினம் எத்தனையோ பேர் இந்தக் கம்பியைப் புடிச்சுக்கிட்டுப் போறாங்க, அடியில ஒண்ணு இருக்கிறது எனக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது, அதுதான் என்றாள். திரும்பி வரும்போது, நம்ம வீட்டுல நீங்க திறந்து பாக்காத டப்பா ஒண்ணாவது இருக்கா என்று கேட்டாள். கோபமில்லாமல் சாதாரணமாகத்தான் கேட்டாள். வீடு வந்து சேரும்வரை யோசித்தேன், ஒன்றுகூட இல்லை. உன் டைரியைக்கூட நான் விட்டதில்லை, உனக்குத் தெரியுமோ என்னவோ.

இப்போது அவளே ஒரு டப்பாவை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் போய்த் திறக்கலாம், எனக்கு மட்டும் இடம் சொல்ல மாட்டாளாம். உள்ளே என்ன வைத்திருப்பாள் என்று நினைத்தாலே சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். நீயும் அங்கே பொந்துகளில் கை விடுகிறாயாமே, கையுறை இல்லாமல் விடாதே. அம்மாவின் டப்பா இருக்கும் இடம் உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும், அதைக் கேட்டு வாங்கத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன். இவ்வளவும் எழுதிய பிறகு கேட்க வாய் வரவில்லை. நாளைக்கே மனசு மாறி போனில் கெஞ்சினாலும் கெஞ்சுவேன், அதட்டினாலும் அதட்டுவேன். சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா