சீப்புக்காரர் பேரன் அரசனான விவரம்

ஆர்க்லோ துறை,
பனி இறங்கும் மாதம்.

மலைமேல் கெர்னாக் அரசரின் கோட்டையில் பிணையாளாக இருக்கும் என் தங்கை மகன் ஃபின்போகிக்கு, தாய்மாமன் புரூசி எழுதுவது. உன் கை, கால், கழுத்து எல்லாம் அதனதன் இடத்திலேயே இருக்கும்படி புனித பிரிஜித் பார்த்துக்கொள்ளட்டும். இதை உனக்குப் படித்துக் காட்டும் துறவியாருக்கும் என் வணக்கம். நானும் மூன்று குளிர்காலம் மடத்தில் படித்தவன் என்று அவரிடம் சொல். நாலாவது குளிர்காலம் ஏன் படிக்கவில்லை என்று கேட்டால், அந்த வாத்து விஷயத்தை மடத்தார் தேவையில்லாமல் பெரிதாக்கிவிட்டார்கள் என்று சொல்.

இங்கே நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். அஸ்பிரான்ட் அரசருக்குத் தண்ணீரில்தான் முடிவு என்று சொன்னேன், அப்படியே ஆயிற்று. அவர் மகன் தோரிரை மலைக்காரர்கள் லேசில் அரசன் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றேன், அதுவும் ஆயிற்று. மூன்றாவதாகவும் ஒன்று சொன்னேன். அதைக் கீழே எழுதுகிறேன். துறவியார் அவசரப்பட்டு, இதை எழுதிய தோலைப் புரட்டிப் பார்க்க வேண்டாம்.

உங்கள் கோட்டையின் வம்சாவளிப் புலவர் ஃபிளாரி நாளைக் காலை இங்கிருந்து கிளம்புகிறார். வழியில் விருந்து வைக்கும் வீடு ஒன்றையும் அவர் விடமாட்டார். அதனால் இந்தக் கடிதம் அவருக்கு முன்னால் வந்து சேரும். அவர் வந்து வேறு மாதிரிச் சொன்னால் நம்பாதே. தாடி நீளமாக இருப்பதால் மட்டும் ஒருவன் சொல்வது உண்மையாகிவிடாது.

முதலில் அஸ்பிரான்ட் கதை. புதுக் கப்பலைக் கரையிலிருந்து உருட்டி இறக்கிய அன்று, ஊர் ஜனம் எல்லாம் தன்னைப் பார்க்க வேண்டும் என்று அவர் முகப்பில் ஏறிக் கையை வீசிக்கொண்டு நின்றார். கப்பல் தண்ணீரைத் தொட்டதும் நின்றது. அவர் நிற்கவில்லை. இடுப்பிலும் கையிலும் அத்தனை வெள்ளி போட்டுக்கொண்டால் மீனே மிதக்காது, மனிதன் எப்படி மிதப்பான்? நல்ல மனிதர். உன்னைத் தூக்கிக் கெர்னாக்கிடம் பிணையாகக் கொடுத்தவர் என்ற ஒன்றைத் தவிர அவரைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன்.

அவர் போனதும் கெர்னாக் ஆள் அனுப்பினார். புது ஆள் ராஜ வம்சம் என்றால் பழைய ஒப்பந்தம் தொடரும், பையனும் பத்திரம்; ராஜ வம்சம் இல்லையென்றால் ஒப்பந்தமும் இல்லை, பையன் பிணையாளும் இல்லை, கையில் மாட்டிய அந்நியன் அவ்வளவுதான் என்று செய்தி. அந்நியனை மலையில் என்ன செய்வார்கள் என்பதை நான் எழுதப் போவதில்லை. நீ அங்கேதான் இருக்கிறாய்.

தோரிரை உனக்குத் தெரியும். ஆறடிக்கு மேல் உயரம், துடுப்பை ஒடிக்கும் கை, கன்றுக்குட்டி மாதிரி மனசு. அவன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினான். ஊரில் எழுத்து அறிந்தவன் நான் ஒருவன்தானே. “புரூசி அண்ணே, எங்க பரம்பரை என்னண்ணே?” என்று கேட்டான். “உனக்கே தெரியாதா ராஜா?” என்றேன். “அப்பாவைத் தெரியும், தாத்தாவைத் தெரியும். அதுக்கு மேலயும் யாராச்சும் இருந்திருப்பாங்கல்ல?” என்று என் முகத்தையே பார்த்தான். இருந்திருப்பார்கள் என்று தைரியம் சொன்னேன்.

விசாரித்ததில் கிடைத்தது இவ்வளவுதான். அப்பா அஸ்பிரான்ட், மூன்று கப்பலோடு வந்து நான்தான் ராஜா என்றார், அன்றைக்கு யாரிடமும் நாலு கப்பல் இல்லை. தாத்தா ஸ்கெகி, மான்கொம்பில் சீப்புச் செய்து விற்றவர். அவருடைய அப்பா ‘பாதி வழியில் திரும்பிய ஹோக்னி’. ஐஸ்லாந்துக்குக் கிளம்பி, குளிர்கிறது என்று திரும்பிவிட்டவர். இதை வைத்துக்கொண்டு மடத்தில் படிக்காதவன் என்ன செய்திருப்பான்? அழுதிருப்பான். நான் ராவும் பகலும் உட்கார்ந்து வேலை செய்தேன். ஸ்கெகியை ஏழு கடலுக்கு அதிபதி ஆக்கினேன். ஹோக்னியைக் கடலையே பாதி வழியில் திருப்பி அனுப்பியவர் ஆக்கினேன். அவருக்கு மேலே பதினாறு அரசர்களை நானே பெற்றெடுத்து, கடைசியில் நோவா கப்பலில் துடுப்புப் போட்ட ஒரு வடநாட்டானிடம் கொண்டுபோய்க் கட்டினேன். அவ்வளவு பெரிய கப்பலை நோவா தனியாக ஓட்டியிருக்க முடியாது என்று எந்தத் துறவியும் ஒப்புக்கொள்வார்.

பட்டம் ஏற்கக் குறித்த நாளில் ஊர் வேலிக்கு வெளியே உள்ள தட்டைக் கல்லின் மேல் தோரிர் வெறுங்காலோடு ஏறி நின்றான். கையில் வெள்ளைக் கோல். ஊரே கூடியிருந்தது. வம்சாவளியைச் சரிபார்க்கக் கெர்னாக் அனுப்பிய ஃபிளாரியும் எதிரே உட்கார்ந்திருந்தார். அவனுடைய அம்மா, மலைக்காரி லாசர், முன்வரிசையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். “தோரிர், அஸ்பிரான்ட் மகன். அஸ்பிரான்ட், ஸ்கெகி மகன். ஸ்கெகி, ஏழு கடலுக்கும் அதிபதி...”

ஃபிளாரி கையைத் தூக்கினார். பிறகு அந்தக் கையைத் தாடிக்குள் விட்டார். உள்ளேயிருந்து ஒரு சீப்பு வந்தது. “இதுல மூணு வளையம் போட்டிருக்கே, அந்த ஸ்கெகியா?” என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள், கல்லின் மேல் நின்ற நம் அரசனுக்குப் பெருமை தாங்கவில்லை. “ஆமாய்யா, தாத்தா வேலைதான் அது. ஒரு பல்லாவது உடைஞ்சிருக்கா பாருங்க” என்றான். “உடையல. எங்க அப்பா வாங்கினது” என்றார் ஃபிளாரி. “பாத்தீங்களா?” என்று எல்லோரையும் பார்த்துச் சிரித்தான் தோரிர். கூட்டத்திலிருந்து மீன்காரி தோர்கெர்டா, “ஏழு கடலுக்கும் தலை சீவி விட்டிருப்பாரு போல” என்றாள். அதற்குமேல் எவனால் வம்சாவளி சொல்ல முடியும்? என் தொண்டை அடைத்துவிட்டது என்று ஃபிளாரி சொல்வார். அடைக்கவில்லை. கூட்டத்தின் தரத்தைப் பார்த்து நானே நிறுத்திக்கொண்டேன்.

“நல்ல சீப்புதான். ஆனா சீப்பு வம்சம் ராஜ வம்சம் ஆகாது. மழை விட்டதும் போய் கெர்னாக் ராஜாகிட்ட உள்ளதைச் சொல்லிடறேன்” என்றார் ஃபிளாரி. தோரிர் கோலைப் பிடித்தபடியே கல்லிலிருந்து இறங்கி, “இப்ப நான் யாரு அண்ணே?” என்று என்னைக் கேட்டான். உன் அம்மா, கூட்டம் கலைந்த பிறகும் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு மழையில் நின்றாள்.

மழை விட்டால் ஃபிளாரி கிளம்புவார். ஃபிளாரி போய்ச் சொன்னால் உன் கதி என்ன? இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. உன் அம்மாவைத் தனியே அழைத்து, “டெர்வல், நீ நேராகப் போய் அரசன் வாசலில் சாப்பிடாமல் உட்கார்” என்று யோசனை சொன்னேன். எங்கள் அம்மா மலைக்காரி. அவள் பக்கத்து வழக்கம் இது. நீயும் அங்கே பார்த்திருப்பாய். பெரிய மனிதனிடம் நியாயம் கேட்க வேறு வழி இல்லாதவர்கள் அவன் வாசலில் பட்டினி கிடப்பார்கள். அவர்கள் கிடக்கும்போது அவன் உள்ளே சாப்பிட்டால் அவன் மானம் போயிற்று. பிறகு அவன் சொல்லை நாய்கூட மதிக்காது.

ஆனால் கப்பலிலேயே வளர்ந்த தோரிருக்கு இது எங்கே தெரியும்? ஒரு பெண்பிள்ளை ஈரத்தில் உட்கார்ந்திருக்கிறாளே என்று அவன் மனசு இளகிவிட்டது. சுட்ட மீன் கொடுத்தனுப்பினான். அவள் தொடவில்லை. மீன் பிடிக்காதுபோல என்று வெண்ணெய் போட்டுக் கஞ்சி அனுப்பினான். அதுவும் ஆறிப்போயிற்று. உடனே பன்றித்தொடை வந்தது. ஊரே வேடிக்கை பார்த்தது. தோர்கெர்டா, தானும் உட்கார்ந்தால் கிடைக்குமா என்று விசாரித்தாள். கடைசியில் அரசனே ஒரு வாத்துக்காலைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து, உன் அம்மா பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “என்னக்கா, எது புடிக்கும்னு சொல்லு, செய்யச் சொல்றேன்” என்று மென்றுகொண்டே கேட்டான்.

எதிர்வீட்டு வாசலில் ஃபிளாரி எழுந்து நின்றுவிட்டார். லாசர் ஓடி வந்த வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மகன் கையில் ஓங்கி ஓர் அடி. வாத்துக்கால் சேற்றில் போய் விழுந்தது. “துப்புடா அதை. அவ உன் வாசல்ல பட்டினி கிடக்கறா, நீ அவ மூஞ்சிக்கு நேரா வாத்து தின்னுக்கிட்டிருக்க. உன்னை இங்க பெத்தேன் பாரு, மலையில பெத்திருக்கணும்” என்றாள். அவன் துப்பினான். “இப்ப என்னம்மா பண்ணணும்?” என்றான். “நீயும் பட்டினி கிட. அவ கேக்கறதைக் கொடுக்கிறதா ஈடு வைக்கிற வரைக்கும்.” தோரிர் சேற்றில் கிடந்த வாத்துக்காலை ஒருமுறை பார்த்தான். பிறகு உன் அம்மாவுக்கு எதிரே மழையில் உட்கார்ந்தான்.

இரண்டு பேரும் அன்றிரவு அப்படியே இருந்தார்கள். தோரிர் வயிறு போட்ட சத்தத்தில் வேலிக்கு அப்பால் நாய்கள் குரைத்தன. என்ன வேண்டும் என்று அவன் கேட்டதற்கு உன் அம்மா, “உங்கப்பா கொண்டுபோய்க் கொடுத்த என் புள்ளைய நீ வாங்கிக் கொடு” என்றாள். “நான் ராஜாவே இல்லையாமேக்கா, நான் எப்படி வாங்கறது?” என்றான் அவன். “எனக்கு அது தெரியாது. நான் உன் வாசல்லதான் உக்காந்திருக்கேன்” என்றாள்.

விடியும்போது ஃபிளாரி இருவருக்கும் நடுவே வந்து நின்றார். சீப்பால் தாடியைச் சீவினார், அதற்கே வெகுநேரம் ஆயிற்று. பிறகு சொன்னார்: “பட்டினி கிடக்கறது ராஜா வாசல்லயும் பெரியவங்க வாசல்லயும்தான். சீப்புக்காரன் வாசல்ல யாரும் கிடக்க மாட்டாங்க, கதவைத் தட்டித் திட்டிட்டுப் போயிடுவாங்க. இந்தம்மா இவரை ராஜான்னு நெனச்சு உக்காந்தாங்க. இவரும் பதிலுக்குக் கிடந்தாரு. ராஜா வேற என்ன செய்வான்? நான் கண்ணால பாத்ததைச் சொல்லுவேன்.”

தோரிர் கைக்காப்பைக் கழற்றி உன் அம்மா கையில் ஈடாக வைத்தான். அரசனுக்குப் பிணை அவன் ரத்தத்திலிருந்துதான் போக வேண்டும், இனி ஊரார் பிள்ளை செல்லாது என்று ஃபிளாரி சொன்னார். தோரிரின் தம்பி கிரிம், மலையில் குளிர்காலம் முழுக்க மாட்டிறைச்சி என்று கேள்விப்பட்டிருந்தான். யாரும் கேட்பதற்கு முன்பே மூட்டை கட்டிவிட்டான். ஆக, நான் சொன்ன மூன்றாவது இதுதான்: பிரிஜித் திருநாள் கழிந்ததும் கிரிம் அங்கே வருவான், நீ இங்கே வருவாய்.

வேறு செய்திகள். உன் வலையில் பாதியை எலி தின்றுவிட்டது. சிவப்புப் பசு சினையாக இருக்கிறது. காரணமான காளை யாருடையது என்பதில் பக்கத்து வீட்டோடு பேச்சு வார்த்தை இல்லை. கூரை ஒழுகுகிறது, நான் ஏறிச் சரிசெய்த இடத்தில்தான். கிரிம் குறட்டை விடுவான், அங்கே சொல்லி வை. ஃபிளாரியிடம் மரியாதையாக நட. தோரிரின் வம்சாவளியை முழுதும் கேட்கவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டால் பதினாறு பெயரும் என்னிடம் தயாராக இருப்பதாகச் சொல்.

தோலில் இன்னும் நாலு விரல் இடம் இருக்கிறது. ஃபிளாரி எப்படியும் சொல்லிவிடுவார், அதனால் நானே எழுதிவிடுகிறேன். மேலே எழுதியதில் ஒன்று மட்டும் நானாகச் சேர்த்தது. வாசலில் பட்டினி கிடக்கும் அந்த யோசனை என்னுடையது அல்ல. கல்லருகே நின்ற உன் அம்மாவிடம் நான் சொன்னது, “ஒண்ணும் ஆகப்போறதில்ல, போய்ச் சாப்பிட்டுப் படு” என்பதுதான். சொல்லிவிட்டு, கவிழ்த்து வைத்த படகுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். கஞ்சி போனதற்கும் பன்றித்தொடை போனதற்கும் நடுவில்தான் விஷயம் என் காதுக்கு வந்தது. சூடாகக் கொஞ்சம் மீன்சாறு எடுத்துக்கொண்டு ஓடினேன், நானும் தோரிர் மாதிரியே. அவள் நிமிர்ந்து பார்க்காமல், “நீ சாப்பிடுண்ணே, எனக்கு வேலை இருக்கு” என்றாள். யோசனை சொன்னது நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்; அவள் இதுவரை மறுக்கவில்லை.

ஈடு வாங்கியாயிற்று, இனி சாப்பிடலாம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். உன் அம்மாவோ தட்டில் வைத்ததில் பாதியைக் கோழிக்குப் போடுகிறாள். சீக்கிரம் வாப்பா.

இப்படிக்கு,
உன் மாமன் புரூசி.