அப்பா விட மறுத்த நாடு

ஆகஸ்ட் 29, செவ்வாய். ஹாரிஸ்பர்க், அமெரிக்கா.

ஆற்றங்கரைப் பழைய மாளிகையில் வழிகாட்டி வேலை, இன்று பார்வையாளர்கள் குறைவு. மேலதிகாரி பெவர்லி கூப்பிட்டாள். செப்டம்பர் பதினைந்தில் மாளிகைப் புல்வெளியில் குடியுரிமை உறுதிமொழி விழா. புதியவர்களை வரவேற்று நான் பேச வேண்டுமாம்.

"போன வருஷம் நீ உறுதிமொழி எடுத்த. இந்த வருஷம் உங்க அப்பா. உன்னைவிட்டா யாரு?"

சரி என்றேன்.

செப்டம்பர் 6, புதன்.

உறுதிமொழியை நேபாளியில் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பழைய நாட்டின் மீதுள்ள விசுவாசத்தை முற்றாகத் துறக்கிறேன் என்ற இடத்தில் கையை நீட்டி நிறுத்தினார்.

"இதச் சொல்ல மாட்டேன்."

"சொன்னாத்தான் குடியுரிமை, அப்பா."

"பூட்டான்ல பட்டாளத்துக்காரன் பக்கத்துல நின்னு, 'என் விருப்பப்படி நாட்ட விட்டுப் போறேன்'னு கையெழுத்து வாங்கினான். அந்தப் பொய் ஒண்ணு போதும். நான் விடல மாயா. நேபாளி பேசறவங்கன்னு துரத்தினாங்க."

கையெழுத்து விஷயத்தை இத்தனை வருடத்தில் என்னிடம் சொன்னதே இல்லை.

செப்டம்பர் 7

அப்பா உறுதிமொழித் தாளை என் மேசையில் கவிழ்த்து வைத்தார். சாப்பிட்டார்.

செப்டம்பர் 10, ஞாயிறு.

சித்தப்பா இன்னும், நாங்களும் இருந்த நேபாளத்து அகதி முகாமில்தான். சிறுநீரகம் கெட்டுப் படுத்திருக்கிறார். அமெரிக்க பாஸ்போர்ட் கிடைத்தால்தான் அப்பா போய்ப் பார்க்க முடியும். போனில் சித்தப்பாவிடமே விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டு அப்பாவிடம் கொடுத்தேன்.

"ஏண்ணே, பூட்டான் என்ன உன் மடியிலயா இருக்கு, விடமாட்டேங்கிறதுக்கு?"

"இல்லடா. அதான் வயித்தெரிச்சல்."

"நல்லாப் பேசு. நான் செத்தப்புறம் வந்து பேசு."

அப்பா போனை என் கையில் திணித்துவிட்டு வெளியே போனார்.

செப்டம்பர் 12, செவ்வாய்.

மாளிகையைப் பார்த்தால் மனசு மாறுமோ என்று அப்பாவை அழைத்துப் போனேன். பெவர்லி கூடத்தில் தொங்கும் படத்தைக் காட்டினாள். வீட்டைக் கட்டியவர்; இங்கிலாந்து ராஜா வேண்டாமென்று போருக்குப் போனவர்.

"ராஜா இவர வீட்ட விட்டுத் துரத்தினாரான்னு கேளு."

கேட்டேன்.

"இல்ல, இவருதான் ராஜாவத் துரத்தினார்," என்று பெவர்லி சிரித்தாள்.

"அப்ப இவருக்கு விடறது சுலபம்," என்றார் அப்பா. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

செப்டம்பர் 14, வியாழன்.

அந்த வரியில் மட்டும் வாயை அசைக்காமல் நின்றுவிடுங்கள், கூட்டத்தில் யாருக்குத் தெரியும் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"மறுபடியும் பொய்யா?"

நாளைக்கு வருவாரா? வராவிட்டால் நான் யாரை வரவேற்க — அப்புறம் சித்தப்பா?

செப்டம்பர் 15, வெள்ளி.

வந்தார். நேபாளிகள் அணியும் டாக்கா தொப்பியோடு. நுழைவிடத்தில் அவருடைய கிரீன் கார்டை வாங்கிக்கொண்டார்கள். தயங்காமல் கொடுத்தார்.

நான் படிக்கட்டில், நீதிபதிக்குப் பக்கத்தில். அதிகாரி ஒவ்வொரு நாடாக வாசிப்பார். அந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் எழுந்து நிற்க வேண்டும். வங்கதேசம். பிறகு பூட்டான். எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேர் எழுந்தார்கள். அப்பா உட்கார்ந்தே இருந்தார். அதிகாரி அடுத்த நாட்டுக்குப் போகவில்லை. தாளிலிருந்து தலையை நிமிர்த்தி, இன்னொரு முறை கூப்பிட்டார்: பூட்டான்.

அப்பா எழுந்தார்.

உறுதிமொழி முழுக்க அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடம் வந்தது. அசைந்தன. கடைசிச் சொல்வரை அசைந்தன.

என் பேச்சில் பாதி விட்டுப்போய்விட்டது. 'வாருங்கள்' என்பதை மட்டும் ஒழுங்காகச் சொன்னேன்.

எப்படிச் சொன்னீர்கள் என்று காரில் கேட்டேன்.

"கூப்பிட்டாங்கல்ல," என்றார். "அங்க எந்த சர்க்காரும் என்ன அந்த நாட்டுக்காரன்னு ஒத்துக்கல. இங்க ஒரு சர்க்கார் ஆளு, மைக்குல, அத்தன பேர் முன்னாடி கூப்பிடறான். பூட்டான் என்னோடதுதான்னு ஆயிருச்சு. அப்புறம் விட்டேன். நானா விட்டேன்."

வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

நவம்பர் 22, புதன்.

முகாமிலிருந்து அப்பா போன்.

"காத்மாண்டு ஏர்போர்ட்டுல எந்த நாடுன்னு கேட்டான். சொன்னேன். திரும்பக் கேக்கல, போங்கன்னுட்டான்."

பின்னால் சித்தப்பாவின் குரல், மெலிந்து: "போன வை அமெரிக்காக்காரா, சோறு ஆறுது."