சிவப்புக் காருக்கு வலை

மார்ச் 3, செவ்வாய்

விடியற்காலை லேசான பனி. எட்டு மணிக்கெல்லாம் வெயில். கொசுவலையைச் சட்டத்தில் அழுத்திப் பிடிக்கும் ரப்பர் பீடிங் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

முதலில் இதை எழுதிவிடுகிறேன், எழுதினால்தான் வெட்கம் போகும். பெண்டாட்டி செல்விக்குப் போன் போட்டேன். ‘நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார்’ என்று ஒரு பெண் சொல்லுவாளே, அவளிடம், “சரிம்மா, நீ சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டேன். வாய் பழக்கம். அவள் அதையே இங்கிலீஷில் ஒரு தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பக்கத்துப் பஞ்சர் கடை ஜமால் பாய் டியூபைத் தண்ணீரில் முக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“யாரு கோவிந்து அது, சாப்பாடெல்லாம் விசாரிக்கிற?”

“போன் கம்பெனிப் பொண்ணு பாய். நாள் பூரா பேசுது, பாவம். யாராச்சும் ஒரு வார்த்த கேக்குறமா?”

“யா அல்லாஹ். தங்கச்சிய சீக்கிரம் வரச் சொல்லுய்யா. அடுத்தது நீ ஜவுளிக்கட பொம்மகிட்ட பேசப் போற.”

சிரித்தேன். பிறகு கொஞ்ச நேரம் சிரிப்பு வரவில்லை.

செல்வி ஓசூர் போனது மகள் பிரசவத்துக்கு. மூன்று மாதத்தில் வந்துவிடுவதாகப் பேச்சு. பேத்தி இப்போது தவழ்ந்து போய்ச் செருப்பைக் கடிக்கிறாளாம். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளையை யாராவது பார்க்க வேண்டும். சம்பந்தியம்மா வந்து உட்கார்ந்தால் இவள் பஸ் ஏறிவிடுவாள். சம்பந்தியம்மாவுக்கு முட்டிவலி. ஆக, என் பெண்டாட்டி என் வீட்டுக்கு வருவதும் வராததும் இன்னொரு அம்மாவின் முட்டியில் இருக்கிறது.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். புது ஆர்டர். கடை போர்டில் இருப்பது அவள் நம்பர். போன் எடுப்பது, அளவு குறிப்பது எல்லாம் அவள்தான், எட்டாவது வரை போனவள். நான் நாலாவதோடு நின்றவன். போர்டை மாற்றி எழுத மனசு வரவில்லை. அதனால் பெரம்பலூரில் ஒரு ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்க வேண்டுமென்றாலும் சேதி ஓசூர் போய்ச் சுற்றிக்கொண்டுதான் எனக்கு வரும்.

“என்னங்க, நாளைக்கு ஒரு காரு வருது. வல மாட்டணுமாம்.”

“காருக்கா? கொசு கடிக்குதாமா?”

“கல்லு அடிக்குதாம். கேலி பண்ணாம ஒழுங்கா கேட்டுச் செய்யுங்க.”

“நீ எப்ப வர?”

“அவங்க முட்டி சரியாவட்டும்.”


மார்ச் 4, புதன்

கார் வந்தது. சிவப்பு. இரண்டு பேர்தான் உட்காரலாம். இடுப்பு உயரம்கூட இல்லை, உள்ளே இறங்க வேண்டும், கிணற்றுக்குள் இறங்குவதுபோல. சத்தம் மட்டும் நெல் மிஷின்.

ஓட்டி வந்தது அரியலூர்ப் பையன், பிரபு. அப்பாவுக்குச் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகின்றன. பழைய கார்தான், பெங்களூரில் வாங்கியதாம். ஆனால் முன்னாடி பார்த்தால் மூன்று பெரிய வாய். நடுவில் ஒன்று, ஓரத்துக்கு ஒன்று. கதவுக்குப் பின்னால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. எல்லாம் காற்று வாங்க. காற்றோடு ரோட்டில் கிடக்கும் கல்லும் போய் உள்ளே ரேடியேட்டரை நசுக்குகிறது.

“லாரிலேர்ந்து சிந்துற கல்லுண்ணே. ஒரு தடவ ஒழுகி, ரேடியேட்டரே மாத்தியாச்சு.”

“யாரு லாரி தம்பி?”

பையன் தலையைச் சொறிந்தான். “எங்களுதும் இருக்கும்ணே.”

“அப்பா எறைக்கிறாரு, புள்ள பொறுக்குறீங்க. குடும்பத்துக்குள்ள இருக்கட்டும்.”

நல்ல பையன், சிரித்துவிட்டான்.

வெளிநாட்டிலிருந்து பார்சலில் வலை வரவழைத்திருக்கிறான். கறுப்பு இரும்பு வலை, அந்தந்த வாய்க்கு அளவாக வெட்டி, ஓரத்தில் ரப்பர் வைத்து, பின்னால் கிளிப். மாட்டத்தான் ஆள் இல்லை. கார் மெக்கானிக்குகள் வலையைத் தொட மாட்டேன் என்றார்களாம், வலைக்காரன் நான் காரைத் தொட்டதில்லை. தொடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

“ஒரு தடவ மாட்டுனா மாட்டுனதுதாண்ணே. கிளிப்பு உள்ள போய்ப் பூட்டிக்கும். கழட்டணும்னா பம்பரையே எறக்கணும், அதுக்கு சென்னைக்குத்தான் போவணும்.”

ஒன்றரை நாள் வேலை. ஞாயிற்றுக்கிழமை வரை கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் கடை வாசலில் திருவிழாக் கூட்டம். டீ மாஸ்டர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், மருந்துக் கடைக்காரர். எல்லாரும் என்னிடம் பேசினார்கள். மைலேஜ் என்ன என்று கேட்டார்கள். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

ஏழு மணிக்கு எல்லாரும் போய்விட்டார்கள். காரும் நானும்.


மார்ச் 5, வியாழன்

வெயில். வாங்க: மாஸ்கிங் டேப், கேபிள் டை, அரிசி (வேண்டாம், இருக்கிறது).

கதவுக்குப் பின்னாலுள்ள இரண்டும் முடிந்தது. பெயிண்டில் கீறல் விழாமல் சுற்றிலும் டேப் ஒட்டி, சோப்புத் தண்ணீர் தடவி, வலையை மெதுவாக உள்ளே தள்ளி, கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டினேன். ஒன்றைத் தலைகீழாக வைத்துவிட்டேன். நல்லவேளை, கட்டுவதற்கு முன்னால் பார்த்தேன்.

முன் பக்கம்தான் பாடு. தரையில் சாக்கு விரித்துப் படுத்துச் செய்ய வேண்டும். தொப்பை ஒத்துழைக்கவில்லை. வலை நிற்கிறது, ஆனால் பின்னால் கிளிப் பூட்டியதா இல்லையா, வெளியிலிருந்து தெரியாது. தட்டினால் கடகட என்கிறது.

வலை வேலை ஒற்றை ஆள் வேலை இல்லை. ஜன்னலுக்கு வெளியே நான், உள்ளே அவள். நான் இழுத்துப் பிடிப்பேன், அவள் பீடிங்கை அழுத்திக்கொண்டே வருவாள். “இழுங்க, இன்னும் இழுங்க, போதும், அய்ய, கிழிச்சிராதீங்க.” இந்த ஊரில் பாதி வீட்டு ஜன்னலில் நாங்கள் வலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று சண்டை போட்டிருக்கிறோம். வீட்டுக்காரர்கள் காபி கொடுத்துச் சமாதானம் செய்வார்கள். இப்போது ஒரு முனையைக் கதவுக் கீலில் கட்டிவைத்து இழுக்கிறேன். கீல் நன்றாகத்தான் பிடிக்கிறது. எதிர்த்துப் பேசுவதில்லை.

பாயைக் கூப்பிட்டேன். பிடித்தார். பிடித்துக்கொண்டே ரோட்டில் போகிற ஒவ்வொரு டயராகப் பார்த்தார்.

“பாய், இங்க பாருங்க.”

“அந்த மினி லாரி பின் டயரு தாங்காதுய்யா. இப்ப வரும் பாரு நம்மகிட்ட.”

வந்தது. போய்விட்டார்.

இரவு போன். சம்பந்தியம்மாவுக்கு முட்டியில் ஊசி போட்டிருக்கிறார்களாம். எத்தனை நாளில் கேட்கும் என்று கேட்டேன். நான் ஒரு மனுஷியின் முட்டியை இவ்வளவு அக்கறையாக விசாரிப்பேன் என்று நினைத்ததில்லை.

இரண்டு பேருக்குச் சோறு வடித்துவிட்டேன். மறுபடியும்.


மார்ச் 7, சனி

நேற்று எழுதவில்லை. நேற்று யாரோடும் பேசவில்லை. பாய் ஜும்மா தொழுகைக்குப் போனவர் அப்படியே பூலாம்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். கூட்டத்துக்கும் கார் பழகிவிட்டது, யாரும் நிற்பதில்லை. முன் வாய் முன்னால் நாலு தடவை படுத்தேன், நாலு தடவை எழுந்தேன். கிளிப் தெரியவில்லை. சாயங்காலம் காரின் மூஞ்சியைப் பார்த்து, “உனக்காவது கல்லு வருது” என்றேன். அது பேச்சில் சேராது.

இன்று காலை டீ குடிக்கும்போது யோசனை வந்தது. அவள் எங்கே நிற்பாள்? உள்ளே. அங்கேயே நிறுத்திவிட்டால்?

வீடியோ கால் போட்டு, போனை நடு வாய் வழியாக பம்பருக்குள் விட்டு, ரேடியேட்டர் பக்கத்தில் சாய்த்து வைத்தேன், முகம் வெளியே பார்க்க. டார்ச்சையும் போட்டுவிட்டேன்.

“எங்கங்க வச்சிருக்கீங்க என்னைய? ஒரே இருட்டா இருக்கு.”

“காருக்குள்ள. ஏசி காரு. சும்மா சாஞ்சு உக்காரு.”

“எஞ்சினுக்குள்ள வச்சிட்டு ஏசியாம்.”

இடது ஓரம் முதலில். நான் வெளியிலிருந்து வலையைத் தள்ள, அவள் உள்ளேயிருந்து பார்த்துச் சொன்னாள்.

“மேல் கிளிப்பு மாட்டிருச்சு. கீழ மாட்டல. கீழன்னா கீழங்க! ஒங்க கீழ இல்ல, என் கீழ.”

“எல்லாருக்கும் கீழ ஒண்ணுதாண்டி.”

“போன தலகீழா வச்சா எப்டி ஒண்ணாவும்?”

திருப்பி வைத்தேன். டக். பூட்டியது. வலது ஓரமும் அப்படியே. டக், டக். தட்டிப் பார்த்தேன், சத்தமே இல்லை. ஓசூரில் பேத்தி அழுதாள், இங்கே பம்பர் அழுதது. டீ வாங்க வந்தவர் காரைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டுப் போனார்.

வேலை முடிந்தும் அவள் வைக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. சாக்கில் படுத்தபடி வலை வழியாக உள்ளே பார்த்தேன். குட்டியாக அவள் முகம், கட்டம் கட்டமாக.

“இளைச்சிட்டீங்க.”

“வல அப்டிக் காட்டுது.”

“எத்தன வருசம் வலைக்கு அந்தப் பக்கம் பாத்திருக்கேன். எனக்குத் தெரியாதா?”

சாக்கில் கிடந்தபடியே தொப்பையைத் தட்டிக் காட்டினேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

நடு வாய் வழியாகக் கையை விட்டுப் போனை எடுத்துக்கொண்டேன். மீதி நடு வலை ஒன்றுதான். இன்றே போட்டிருக்கலாம். நாளைக்கு என்று வைத்துவிட்டேன்.


மார்ச் 8, ஞாயிறு

நல்ல வெயில். காற்று இல்லை. போன் சார்ஜ் முழுதாக ஏற்றியாயிற்று. சட்டை மாற்றினேன், செல்வி பார்க்கப்போகிறாள் என்பதற்காக இல்லை, அழுக்கு.

பிரபு பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். அரியலூரில் சிநேகிதன் வீட்டு வளைகாப்பாம், காரைக் காட்ட வேண்டுமாம். பத்து மணிக்கு வீடியோ கால். போனை உள்ளே வைத்தேன், நேற்று வைத்த அதே இடம்.

நடு வலை பெரிது, மூன்று முழம் இருக்கும். எட்டுக் கிளிப். அவள் பின்னால் யாரோ பேசும் சத்தம், பாத்திரச் சத்தம்.

“யாரு அங்க?”

“சம்பந்தியம்மா. காலைல வந்தாங்க.”

கையிலிருந்த வலை கொஞ்சம் நழுவியது.

“முட்டி?”

“மாடி ஏறி வந்துட்டாங்க. பாப்பா அவங்க மடியிலதான் கெடக்கு. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.”

“மொதல்ல வேலைய முடிங்க. பாதில சொன்னா கோணலா மாட்டுவீங்க. மேல மூணும் பூட்டியாச்சு. இடது ஓரம் தள்ளுங்க. இன்னும். ம். வலது. அய்ய, கிழிச்சிராதீங்க.”

“இரும்புடி இது.”

“ஒங்க கைக்கு இரும்பென்ன, துணியென்ன.”

அவ்வளவு ஒழுங்காக நான் ஒரு வலை மாட்டியதில்லை. கை தானாகப் போனது. மனசு சம்பந்தியம்மாவின் முட்டியைச் சுற்றிக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தது. கீழே கடைசிக் கிளிப். அவள் எண்ணினாள், நான் அழுத்தினேன், டக்.

“எட்டும் பூட்டிருச்சு. நல்லாருக்குங்க. இப்ப கேளுங்க.”

அந்த நேரம் பார்த்துப் பிரபு யாரோ ஒருவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்து குதித்தான். “அண்ணே, முடிஞ்சுதா? லேட்டாயிருச்சுண்ணே.” எழுந்தேன், சாக்கை இழுத்தேன், டேப்பை உரித்தேன். அவன் குனிந்து மூன்று வாயையும் தட்டிப் பார்த்தான். “செம டைட்டுண்ணே! கழட்டவே முடியாது போல.” முடியாது தம்பி என்றேன் பெருமையாக. கிணற்றுக்குள் இறங்கினான், நெல் மிஷின் கிளம்பியது, கார் போயிற்று.

பாய் பார்த்துக்கொண்டு நின்றார். “மாஷா அல்லாஹ். பொண்ண அனுப்புன மாதிரி நிக்கிறியே கோவிந்து.”

“பாய், செல்வி வருவா போலருக்கு. ஏதோ சொல்லணும்னா. கேட்டுட்டு வந்து டீ வாங்கித் தரேன்.”

சட்டைப் பையில் போன் இல்லை. மேஜை மேல் இல்லை. சாக்கை உதறினேன். டேப் சுருளுக்கு அடியில் பார்த்தேன். பிறகு ரோட்டைப் பார்த்தேன்.

பாயும் ரோட்டைப் பார்த்தார்.

“உள்ளயா?”

“உள்ளதான்.”

“பேசிக்கிட்டிருந்துதா?”

“இப்பவும் பேசிக்கிட்டுத்தான் இருப்பா. இப்ப கேளுங்கன்னா.”

பிரபு நம்பர் என் போனில் இருக்கிறது. என் நம்பர் பிரபுவிடம் இல்லை, போர்டிலுள்ள செல்வி நம்பர்தான் இருக்கிறது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்ததும் அதே போர்டு நம்பர் ஒன்றுதான். பாயின் போனை வாங்கி அதற்குப் போட்டேன். கார் அப்போது அரியலூர் ரோட்டில் பேரளி தாண்டியிருக்கும்.

நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றாள் அந்தப் பெண்.

“தெரியும்மா,” என்றேன். “என்கூடத்தான்.”