இரண்டு பைட், நான்கு பைட்

வைப்பின் தீவிலிருந்து இன்று ஒரு பெட்டி ரிப்பேருக்கு வந்தது. மூடியைக் கழற்றியதும் அறை முழுக்க இறால் வாடை. நாம் செய்த முதல் குளிர்அறைக் கன்ட்ரோலர். நீயும் நானும் சேர்ந்து எழுதிய சி புரோகிராம் இன்னும் அதில் ஓடிக்கொண்டிருக்கிறது. மட்டாஞ்சேரியில் சுக்கு மண்டிக்கு மேலே நாம் வாடகைக்கு எடுத்த அதே அறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது.

ஓடுகிற புரோகிராமை நிறுத்தாமலே உள்ளே பார்க்க வேண்டும் என்பது பாலிடெக்னிக் நாளிலிருந்தே உன் பிடிவாதம். "உசிரோட இருக்கறப்பத்தான்டா நாடி பிடிச்சுப் பாக்கணும்," என்பாய். அதற்காகவே ஒரு கன்சோல் செய்தாய். புரோகிராம் முழுக்கப் புழங்கும் மதிப்புகளான குளோபல் வேரியபிள் ஒவ்வொன்றுக்கும் பெயர், மெமரியில் அது இருக்கும் இடம், எத்தனை பைட் என்று ஓர் அட்டவணை. லேப்டாப்பைச் சொருகிப் பெயரைத் தட்டினால் மதிப்பு தெரியும்; புது மதிப்பைத் தட்டினால் அப்போதே மாறும். குளோபல்களை இப்படிக் கடைவிரித்து வைப்பார்களா என்று ஒரு வாரம் உன்னோடு மல்லுக்கு நின்றேன். கடைசியில் அட்டவணையை நிரப்பும் வேலை என் தலையில்தான் விழுந்தது. முணுமுணுத்துக்கொண்டே நிரப்பினேன்.

ஒரு சனிக்கிழமை, இறால் கம்பெனி நடத்தும் சேச்சி கன்சோலில் வெப்ப வரம்பை மாற்றினார். மறுநாள் எல்லோரும் சர்ச்சுக்குப் போயிருந்தபோது கம்ப்ரஸர் நின்றது, சைரன் அலறவில்லை. திங்கள் காலை கதவைத் திறந்தால் மொத்தச் சரக்கும் நாறிக் கிடந்தது. நீ மட்டும் போட் ஏறிப் போனாய். சாயங்காலம் திரும்பி வந்து, கன்சோலால் வந்த வினை, இனி அதில் பார்க்கலாம், மாற்ற முடியாது, அடைத்துவிட்டேன் என்றாய். அப்போதே சொன்னேனே என்றேன். "சாரமில்லடா," என்றாய். 'பரவாயில்லை' என்பதை நம் வீடுகளில் அப்படித்தான் சொல்வோம்.

நாலு நாள் கழித்து, நம் அறைக் கம்ப்யூட்டரில் இருந்த புரோகிராமைத் திறந்து பார்த்தேன். வெப்ப வரம்பு இரண்டு பைட். அட்டவணையில் நான்கு என்று எழுதியிருந்தேன். சி இதையெல்லாம் தட்டிக் கேட்காது, சொன்ன நான்கு பைட்டிலும் எழுதிவிடும். சேச்சி மாற்றியபோது பக்கத்து வேரியபிளும் சேர்ந்து சைபராகியிருக்கிறது. பக்கத்தில் இருந்தது சைரனை அலறவிடும் வேரியபிள். நீ சாயா குடிக்கக் கீழே போயிருந்த நேரம், நான்கை இரண்டாக்கினேன். உன்னிடம் சொல்லவில்லை. அதன்பின் நாம் செய்த எந்த மெஷினிலும் மதிப்பை மாற்றும் வசதியை நீ வைக்கவில்லை. நான் ஜெயித்ததாகக்கூட நினைத்துக்கொண்டேன், வெட்கம்கெட்டவன்.

இன்று கேபிளைச் சொருகிப் பட்டியல் கேட்டேன். புரோகிராம் ஏற்றிய தேதி மேலேயே வந்தது: நீ போட் ஏறிப் போன அந்தத் திங்கள். அதற்குப் பிறகு இதை யாரும் தொடவில்லை. வெப்ப வரம்புக்கு நேரே, இரண்டு பைட்.

அங்கே நின்றபடியே உன் லேப்டாப்பில் என் வரியைத் திருத்தி ஏற்றியிருக்கிறாய். நம் அறைக் கம்ப்யூட்டரில் இருந்ததை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறாய், நானாகச் சொல்வேன் என்றுதானோ என்னவோ. பதினோரு வருஷம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மத்தியானம் சேச்சிக்குப் போன் செய்து, தப்பு என்னுடையது என்றேன்.  அன்றைக்கு ஆட்கள் முன்னால் அந்தப் பாவப்பட்டவனை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேனே என்றார். நீ தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றாயாம்.

அது எனக்கு வரவேண்டிய ஏச்சுடா. இன்றைக்கு வந்து சேர்ந்துவிட்டது.