சாவி என்று சொல்லிவிடு

இன்று காலை என் வண்டிச் சாவி உண்மையாகவே தொலைந்துபோனது. சிதம்பரம் மேலவீதியில் பூ வாங்க இறங்கினேன். பூவை வாங்கிக்கொண்டு திரும்பினால் சாவி கையிலும் இல்லை, பையிலும் இல்லை. குனிந்து தேடத் தொடங்கினேன். "இன்னா சார் தேடுறீங்க?" என்று பூக்காரம்மா கேட்டார். "சாவி" என்றேன். சொன்னதும் உன் ஞாபகம் வந்தது. இந்தக் கேள்விக்கு நாம் இருவரும் எத்தனை வருடம் இதே பதிலைச் சொல்லியிருக்கிறோம். ஒரு தடவைகூட அது உண்மையாக இருந்ததில்லை.

துபாயிலிருந்து உன் அண்ணன் அந்த ஜி.பி.எஸ். கருவியைக் கொண்டுவந்த நாளில் ஆரம்பித்தது இந்தக் கிறுக்கு. "உலகம் பூரா வெளாடுறாங்க மச்சான். ஒருத்தன் டப்பாவ ஒளிச்சி வெச்சிட்டு எடத்தோட நம்பரக் குடுப்பான். இன்னொருத்தன் தேடி எடுக்கணும். அவ்ளோதான்" என்றாய். நம் பக்கத்தில் விளையாட வேறு ஆள் யார்? கடலூரில் நீ ஒளித்தாய், சிதம்பரத்தில் நான் ஒளித்தேன். இருந்தது ஒரே கருவி. ஒளித்தவர் எண்ணைப் பதிந்து, கருவியை அடுத்தவர் கையில் கொடுத்துவிட வேண்டும். "கழுத வயசாவுது, ரெண்டு பேருக்கும் கண்ணாமூச்சி கேக்குது" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

சும்மா சொல்லக் கூடாது, பாடாய்ப் பட்டோம். கருவி காட்டும் இடத்துக்கும் டப்பா இருக்கும் இடத்துக்கும் ஒரு வீட்டு அகலமாவது வித்தியாசம் வரும். மரத்தடிக்குப் போனால் சிக்னல் செத்துவிடும். மழை நனைக்கும், எறும்பு குடியேறும், பழைய பிளாஸ்டிக் பொறுக்குகிறவர் டப்பாவைக் கொண்டுபோய்விடுவார். நான் வேப்பமரத்தடியில் வைத்த ஒன்றைச் செய்வினை என்று நினைத்து யாரோ உப்பும் கடுகும் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை நம் சனங்களின் நல்ல மனசுதான். ஒருவன் தரையைப் பார்த்துக் குனிந்தால் போதும், நாலு பேர் கூடச் சேர்ந்து குனிவார்கள். உண்மையைச் சொன்னால் புதையல் என்று ஊரே கிளம்பும். அதற்கு நீதான் வழி கண்டுபிடித்தாய். "சாவின்னு சொல்லிடு மச்சான். சாவி தொலைக்காத ஆளு யாரு?" செம்மண்டலத்தில் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போய்க் காந்தத்தில் கயிறு கட்டி எடுத்துவந்து, இல்லாத சாவியை வெயிலில் தேடியது ஞாபகம் இருக்கிறதா? திரும்பும்போது நீ சிரிக்கவே இல்லை. "பாவம்டா. ஒரு சாவியக் கீழ போட்டுட்டாவது வந்திருக்கலாம்" என்றாய்.

கடைசியாக மஞ்சக்குப்பம் மைதானத்தில் கருவியை என் கையில் கொடுத்தாய். "இது உனக்குன்னே வெச்சது" என்றாய். எண் கெடில ஆற்றங்கரையில் ஒரு புங்கமரத்தைக் காட்டியது. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா வழக்கம்போலக் கேட்டார், நானும் வழக்கம்போலச் சாவி என்றேன். அவரும் கூடவே தேடினார். டப்பா அகப்படவில்லை.

அதற்குள் உனக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கண்ணெல்லாம் மஞ்சளாகப் படுத்திருந்தாய். தோற்றுவிட்டேன், ஒரு குறிப்புக் கொடு என்றேன். "கேக்குறவங்ககிட்ட நீ இன்னா சொல்லுவியோ, அதான் க்ளூ" என்றாய். கேலி செய்கிறாய் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினம் கடலில் உன் சாம்பலைக் கரைத்துவிட்டு நின்றேன். அலை உன்னை வாங்கிக்கொண்டது, எனக்கு ஒன்றும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அதன் பிறகு 'தானே' புயல் வந்தது. கடலூரில் மரம் என்று எதுவும் மிஞ்சவில்லை. உன் டப்பா என்னவாயிற்றோ என்ற பதைப்பில், பஸ் ஓடத் தொடங்கியதும் கருவியை எடுத்துக்கொண்டு கெடிலக் கரைக்கு ஓடினேன். எண் அப்படியே இருந்தது, மரம் இல்லை. வேர் பிடுங்கிய பள்ளத்தில் இறங்கிக் கையால் கிளறினேன். உன்னிடமிருந்து எனக்கு வர வேண்டியது அது ஒன்றுதான் பாக்கி.

"நீ அன்னிக்கி சாவி தொலச்ச தம்பிதான?" அதே அம்மா.

ஆமாம் என்றேன். இங்கே ஒரு டப்பா கிடந்ததா என்று கேட்டேன்.

"கெடந்துதுப்பா. மரம் சாஞ்சி, வேர் சந்துலேருந்து உழுந்துது. தொறந்தா உள்ள ஒத்தச் சாவி. யாரு குடிய மந்திரிச்சிப் பூட்டி வெச்சிருக்காங்களோன்னு பயந்துட்டேன். சூடம் கொளுத்தி ஆத்துல வுட்டுட்டேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன்னுதா அது? நீ கீழ வுட்ட சாவின்னுல்ல சொன்ன" என்றார்.

நான் பள்ளத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அந்த அம்மா பதறிப்போய், "வுடு தம்பி, வேற சாவி போட்டுக்கலாம்" என்று தேற்றினார்.

பிறகு உன் மனைவியிடம் கேட்டேன். உங்கள் வீட்டுச் சாவி எல்லாம் அந்தந்த இடத்தில் இருக்கிறது. அது எந்தப் பூட்டுக்கும் உரிய சாவி இல்லை. ஒரு தடவையாவது என் பதில் பொய்யாக இருக்கக் கூடாது என்றுதான் வைத்திருக்கிறாய். உன்னைப் போலவே அதற்கும் சூடம் காட்டி, தண்ணீரில் விட்டு, வழியனுப்பிவிட்டார்கள். நான்தான் இரண்டு தடவையும் கை நீட்டியபடி நிற்கிறேன்.

இன்று மேலவீதியில் பூக்காரம்மாதான் என் வண்டிச் சாவியைக் கண்டுபிடித்தார். கூடைக்கு அடியில் கிடந்ததாம். துடைத்து என் கையில் வைத்தார். வாங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் மறுபடியும் கேட்டது.

"சாவிதான் கெடச்சிடுச்சே சார். இன்னும் இன்னாத்தத் தேடுறீங்க?"