சன்னல் எட்டும் உயரம்

என்னவனுக்கு,

மின்ஸ்க் நகரில் அரசை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் பேசியதற்காகக் கூடைப்பந்து அணியிலிருந்து என்னை நீக்கியவர்களால் என் உயரத்தை நீக்க முடியவில்லை. இந்தச் சிறையறைச் சன்னல் எனக்கு மட்டும்தான் எட்டுகிறது. வியாழக்கிழமைகளில் உறவினர்கள் பொட்டலத்தோடு தெருவில் நிற்பார்கள். பொட்டலம் உள்ளே வராது. யார் வந்திருக்கிறார்கள் என்று அறையிலிருக்கும் மற்றவர்களுக்கு நான்தான் பார்த்துச் சொல்வேன்.

“ஏய் நெட்டை, எங்கம்மா வந்திருக்காளா?”

“வந்திருக்காங்க. பச்சைத் தொப்பி.”

நேற்று யாத்விகா கேட்டாள்: “உன் வீட்டுக்காரர் எங்கடி?”

“அதோ, கடைசியில நிக்கிறாரு.”

அதே அணிக்கு நீ இன்னும் பயிற்சியாளன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

பயப்படாதே, நீ வராததை யாரும் கண்டுபிடிக்க முடியாது. போன மாதமே எதிரில் தகரவேலி எழுப்பிவிட்டார்கள், தெரு தெரிவதில்லை. அறைக்குள் கீழே நின்று வானத்தை மட்டும் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. நான் சொல்லச் சொல்ல, எல்லார் வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

உன் நெட்டைச்சி